அப்புத்தளை மேட்டில் ஓர் ஆங்கிலக் கவிஞர்

பதுளையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் போகும் எவரும் அந்த இடத்தைக் கடந்துதான் போகிறார்கள். பண்டாரவளையைத் தாண்டி, அப்புத்தளை நகருக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், வீதியோரத்தில் ஒரு சிறிய பழைய தேவாலயம் இருக்கிறது. புனித அன்றூ தேவாலயம் என்று பெயர். 1869இல் கட்டப்பட்டது. இந்த மலைகளில் தேயிலை பரவுவதற்கு முந்திய, கோப்பியின் காலம் அது. கோப்பியை அடியோடு அழித்த இலை நோய் நம் மடுல்சீமைப் பக்கத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 1869இல்தான்.

ஆலயத்தைச் சுற்றியுள்ள சிறு மயானத்தில் தோட்டத் துரைமாரும் அவர்களது குடும்பத்தினரும் அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களுக்கிடையே துரையல்லாத ஒருவரின் அஸ்தியும் புதைக்கப்பட்டிருக்கிறது. வால்டர் ஸ்டான்லி சீனியர் என்பது அவர் பெயர். ஒரு காலத்தில் இலங்கையில் ஆங்கிலம் படித்த பிள்ளைகள் எல்லோரும் அவருடைய ஒரு கவிதையையாவது மனனம் செய்திருந்தார்கள். இலங்கையின் கவிஞர் என்றே அவரை அழைத்தார்கள். இன்று பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேரிடம் கேட்டால் ஒருவருக்குத் தெரிந்தாலே ஆச்சரியம்.

அப்புத்தளையோடு சேர்த்து நினைக்கப்படும் ஆங்கிலேயர் வேறொருவர் இருக்கிறார். பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயத்தை நம் மாணவிகள் அனைவரும் அறிவார்கள். அது மேஜர் றொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டப்பட்டது. 1,400க்கும் அதிகமான யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படும் அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்தக் கதையைச் சொல்லாத வீடு பதுளையில் குறைவு. யானைகளைக் கொன்றவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அதே அப்புத்தளையில் மண்ணோடு கலந்த, இந்த நாட்டைப் பாடிய மனிதரைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சீனியர் 1876ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி பிறந்தார். தந்தையார் இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர். மகன் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் பேலியோல் கல்லூரியில் கற்றார். அந்நாளில் அந்தக் கல்லூரியில் படித்துத் தேறியவர்கள் அரசாங்கத்திலும் நீதித்துறையிலும் உயர்பதவிகளுக்குப் போவது வழக்கம். சீனியரும் தந்தையின் வழியில் குருவானவராகி, திருச்சபைத் தூதுச் சங்கத்தின் ஊழியராகக் கப்பலேறினார். 1906இல் இலங்கை வந்தபோது அவருக்கு வயது முப்பது.

கண்டி திரித்துவக் கல்லூரியில் அப்போது அதிபராயிருந்தவர் ஏ. ஜி. பிரேசர். 1904இல் பொறுப்பேற்ற பிரேசர், இங்கிலாந்தின் பல்கலைக்கழகங்களில் கற்ற திறமையான இளைஞர்களைத் தேடித் தேடி அழைத்து வந்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் சீனியர். பின்னர் அவர் அங்கே உப அதிபரும் ஆனார். கல்லூரிக் கீதத்தின் வரிகளை எழுதியவரும் அவரே. ஆசிரியர்கள் பெற்ற புகழெல்லாம் பழைய மாணவர்களின் ஞாபகத்தோடு போய்விடும். ஆனால் கல்லூரிக் கீதம் எழுதியவருக்கு ஒரு வசதி உண்டு. அவர் பெயரை அறியாத பிள்ளையும் ஒவ்வொரு தவணையும் அவர் சொற்களை வாயால் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிரேசரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலப் பாடசாலை என்றால் தாய்மொழி வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று எல்லோரும் எண்ணிய காலத்தில், சிங்களமும் தமிழும் தம் கல்லூரியில் கற்பிக்கப்பட வேண்டும் என்று வாதாடியவர் அவர். தாய்மொழி அறியாமல் வெளியேறும் மாணவன் தன் சொந்த மக்களுக்கே அந்நியனாகிவிடுவான் என்பது அவருடைய கவலை. இந்தச் சூழலில் வேலை செய்ததை மனதில் வைத்துக்கொண்டுதான் சீனியரின் கவிதைகளை வாசிக்க வேண்டும். இந்த நாட்டைப் பாடும் உரிமை கடைசியில் யாருக்கு உரியது என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

மலையேறுவதில் அவருக்குப் பெரும் விருப்பம் இருந்திருக்க வேண்டும். அவருடைய கவிதைகளில் நல்லவை உயரத்தில் நிற்பவை. 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையின் உச்சியில் நின்று இலங்கையைப் பார்ப்பதாக ஒரு கவிதை இருக்கிறது. அவரைப் புகழ்பெறச் செய்த இலங்கையின் அழைப்பு என்ற கவிதையும் மலைப்பாறைகளின் மேல் ஏறிக் கடலைப் பார்ப்பதில்தான் ஆரம்பமாகிறது.

இந்தப் பார்வை நமக்குப் பழக்கமானது. அப்புத்தளை என்பது ஒரு மலைத்தொடரின் கத்தி முனையில் உட்கார்ந்திருக்கும் ஊர். தெற்கே தரை சட்டென்று கீழே விழுகிறது. மேகம் இல்லாத நாளில் தாழ்நிலக் காடுகளைக் கடந்து தென் கடற்கரை வரை கண் போகும். வடக்கே திரும்பினால் ஊவாவின் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கும், அதற்கப்பால் நமுனுகுல மலையும். புவியியல் பாடத்தில் வட அமெரிக்காவின் பிரெய்ரி, தென் அமெரிக்காவின் பம்பாஸ், ஆபிரிக்காவின் சவன்னா என்று உலகத்துப் புல்வெளிகளையெல்லாம் மனனம் செய்கிறோம். நம் ஜன்னலுக்கு வெளியே இருப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பத்தனா என்று சிங்களத்தில் வழங்கும் இந்தப் புல்வெளி ஊவாவின் தனி அடையாளம். தோட்டத்து மக்கள் மானாப்புல் என்று சொல்லும் உயர்ந்த வாசனைப் புல் அதில் மண்டிக் கிடக்கும். சற்றுத் தாழ்ந்த பகுதிகளில் புல்லுக்கு நடுவே கடுக்காயும் தான்றியும் நெல்லியும் நிற்கும். திரிபலா சூரணத்துக்கு வேண்டிய மூன்றும் ஒரே மலைச்சரிவில்! இங்கே ஏன் காடு இல்லாமல் புல் இருக்கிறது என்பது பழைய விவாதம். சேனைக்காக மீண்டும் மீண்டும் காட்டை எரித்ததால் வந்தது என்பார் ஒரு சாரார். மண்ணும் வறண்ட காற்றும்தான் காரணம் என்பார் இன்னொரு சாரார். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு போய் இங்கே இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தத் தனி வாசனைக்கு இந்தக் காற்றே காரணம்.

சீனியர் வந்த காலத்தில் புகையிரதம் பதுளைக்கு வரவில்லை. 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டிய பாதை அங்கேயே முப்பது ஆண்டுகள் நின்றுவிட்டது. 1924இல்தான் பதுளைக்கு வந்தது. இன்றும் கண்டியிலிருந்து வருபவர்கள் பட்டிப்பொலையைத் தாண்டி உச்சிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது பனிமூட்டமாக இருக்கும். வெளியே வந்தால் ஊவாவின் வெயில். ஒரு நிமிட இருட்டில் வேறு நாட்டுக்கு வந்துவிட்டது போலிருக்கும். மலைகளைப் பாடிய ஒரு மனிதரின் அஸ்தி ஏன் இந்தப் பக்கத்துக்கு வந்தது என்பதை அந்தச் சுரங்கத்தைக் கடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இனி அந்தக் கவிதை. அதன் வரிகளை இங்கே தரப்போவதில்லை. கதையை மட்டும் சொல்கிறேன். ஒருவன் மலைமேல் ஏறி நிற்கிறான். இலங்கையின் ஆன்மா அதன் பழைய இடங்களிலிருந்து எழுந்து அவனிடம் வருகிறது. எனக்கொரு கவிஞன் வேண்டும் என்று கேட்கிறது. வரப்போகும் காலத்தைப் பாடக்கூடிய கவிஞன். கேட்டவன் வேறொரு தீவின் பிள்ளை. ஆனாலும் மனம் நெகிழ்ந்து, நானே பாடுகிறேன் என்று முன்வருகிறான். முன்வரும்போதே ஒரு எல்லையையும் வைத்துக்கொள்கிறான். கொஞ்ச காலத்துக்கு மட்டும், உன் சொந்தப் பிள்ளைகளில் ஒருவன் எழும் வரைக்கும் என்கிறான். அந்த வரப்போகும் கவிஞன் எல்லாவற்றுக்கும் மேலாக எதைப் பாடுவான்? இந்த நாட்டின் இனங்களெல்லாம் ஒன்று கலந்து, சண்டையின் குரல் ஓய்ந்துபோன புதிய நாட்களைப் பாடுவான்.

ஆட்சியாளரின் இனத்தில் பிறந்த ஒருவர் அந்தக் காலத்தில் இப்படி எழுதியது சாதாரண விடயமில்லை. மேல்நாட்டார் இந்தத் தீவைப் பற்றி எழுதியவற்றில் பெரும்பகுதி வேட்டை, பயணம், யானை, மாணிக்கம். அழகான நாடு, சோம்பலான மக்கள் என்று எழுதி முடித்துவிட்டுப் போனவர்கள் பலர். இந்த நாட்டைப் பாட வேண்டியவன் நானல்ல, இங்கே பிறக்கப்போகும் ஒருவன், அதுவரை இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்ற அடக்கம் சீனியரிடம் இருந்தது. அவர் இலங்கையில் இருந்த காலத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கம் நம் பாரதியாரும் எழுதிக்கொண்டிருந்தார். பாரதி அவரைவிட ஆறு வயது இளையவர். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. தன் மண்ணில் பிறந்த ஒருவன் தன் மக்களின் பேச்சில் பாடினால் எப்படி இருக்கும் என்பதற்குச் சீனியர் கற்பனை செய்த விடை, பாக்கு நீரிணைக்கு அப்பால் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தது.

இனங்கள் கலந்த நாட்களைப் பற்றிய அந்தக் கனவு பூவிரித்த பாதையில் வரவில்லை. சீனியரின் இலங்கை வாழ்க்கைக் காலத்திலேயே, 1915 மே மாதக் கடைசியில், அவர் பணியாற்றிய அதே கண்டி நகரில் சிங்கள முஸ்லிம் கலவரம் வெடித்தது. வெசாக் ஊர்வலமொன்று பள்ளிவாசலைக் கடந்து போவதில் தொடங்கிய தகராறு சில நாட்களுக்குள் மேல் மாகாணம் வரைக்கும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. பின்னர் அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, சிங்களத் தலைவர்கள் பலரைச் சிறையில் அடைத்தது. நம் மூத்த தலைமுறையினர் தங்கள் பெற்றோரிடம் கேட்டுச் சொன்ன கதைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. சண்டையின் குரல் ஓய வேண்டும் என்று எழுதியவர் அந்தக் குரல் கேட்ட ஊரில் வாழ்ந்தவர் என்பதை மறந்துவிட்டு வாசித்தால், அந்தக் கவிதை வெறும் இனிப்பாகத் தோன்றும்.

அவருடைய இன்னொரு பாடலின் கதை சுவையானது. இலங்கைக்காக அவர் ஒரு துதிப்பாடல் எழுதினார். பிற்காலத்தில் தேவார் சூரியசேனா என்ற இசை மேதை அதைத் தன்னோ புதுங்கே என்ற பாட்டின் மெட்டில் இசைத்தார். தன்னோ புதுங்கே என்பது சிங்களவர் நெஞ்சில் குடியிருக்கும் பௌத்தப் பாடல். ஜோன் டி சில்வா 1903இல் மேடையேற்றிய சிறிசங்கபோ நாடகத்துக்காக எழுந்தது. அதற்கு மெட்டமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லவ்ஜி. ஆக, ஓர் ஆங்கிலேயக் குருவானவரின் சொற்கள், ஓர் இந்திய இசைக்கலைஞரின் மெட்டு, ஒரு பௌத்த நாடகத்தின் பாட்டு, ஒரு சிங்களக் கிறிஸ்தவரின் சேர்க்கை. கவிதையில் சீனியர் கேட்ட கலப்பு, அவர் திட்டமிடாமலே அவருடைய பாட்டில் நடந்துவிட்டது.

பின்னர் அவர் கொழும்பிலும் சில காலம் பணிபுரிந்து, தாய்நாடு திரும்பினார். 1937இல் வீட்டா மஜிஸ்ட்ரா என்ற தலைப்பில் அவருடைய கவிதைத் தொகுப்பு வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1938 பெப்ரவரி 23இல், அறுபத்தோராவது வயதில் காலமானார். அவரது அஸ்தி கடல் கடந்து கொண்டுவரப்பட்டு அப்புத்தளையில் அடக்கம் செய்யப்பட்டது. துரைமார் ஓய்வுபெற்றால் இங்கிலாந்துக்குப் போய்விடுவார்கள். இங்கே கிடப்பவர்கள் காய்ச்சலாலோ விபத்தாலோ போக முடியாமற் போனவர்கள். போன பிறகு திரும்பி வந்தவர் என்று சொல்ல இவரைத்தான் எனக்குத் தெரியும்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். மலையுச்சியிலிருந்து பார்த்தால் மலையும் கடலும் தெரியும். லயன் அறை தெரியாது. என் வாசிப்புக்கு எட்டிய அவருடைய கவிதைகளில் பழைய மன்னர்களின் நினைவு இருக்கிறது, மலைகள் இருக்கின்றன, இறைவன் இருக்கிறார். ஆனால் அந்த மலைகளில் ஏறி இறங்கிக் கொழுந்து பறித்த பெண்களைக் காணவில்லை. அப்புத்தளையைச் சுற்றி எந்தத் திசையில் பார்த்தாலும் அவர்கள் நிற்கிறார்கள். லிப்டன் 1890இல் வாங்கிய டம்பேதன்னைத் தோட்டம் அந்தத் தேவாலயத்திலிருந்து வெகுதூரமில்லை. கவிஞர் ஒருவர் எழுவார் என்று சீனியர் காத்திருந்தபோது, அவர்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியைக் கேலி செய்யும் பாட்டும் தேயிலை நிரைகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தன. அது தமிழில் இருந்ததால் அவர் காதுக்கு எட்டியிருக்காது.

சீனியர் கண்டியில் இருந்த காலத்தில், 1914 செப்டெம்பரில், வட்டகொடைக்கு அருகே மடக்கொம்பரைத் தோட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தது. பெரிய கங்காணியின் குடும்பத்துப் பிள்ளை. ஹட்டனிலும் கொழும்பிலும் படித்தது. 1934இல் தாகூர் கொழும்புக்கு வந்தபோது நேரில் போய்ச் சந்தித்தது. அந்தப் பிள்ளைதான் சி. வி. வேலுப்பிள்ளை. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அந்தக் கட்சியிலிருந்து தெரிவான ஏழு பேரில் நம் பதுளையின் எஸ். எம். சுப்பையாவும் ஒருவர். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. வாக்களித்து அவர்களை அனுப்பிய மக்கள் நாடற்றவர்களானார்கள்.

சி. வி. முதலில் எழுதியது ஆங்கிலத்தில்தான், சீனியரைப் போலவே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய நீண்ட ஆங்கிலக் கவிதை 1950களின் முற்பகுதியில் வெளிவந்தது. சக்தீ பால-ஐயா அதைத் தேயிலைத் தோட்டத்திலே என்று தமிழாக்கினார். அந்தத் தலைப்பைப் பார்த்ததும் பிஜித்தீவின் கூலிப் பெண்களுக்காகப் பாரதி எழுதிய கரும்புத் தோட்டத்திலே நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. சீனியர் ஏறிய அதே மலைகள் அதிலும் வருகின்றன. ஆனால் பார்வை அடிவாரத்திலிருந்து, பேர் தெரியாமல் தேயிலைத் தூருக்கடியில் புதைக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து. பின்னாளில் சி. வி. தோட்டங்களில் வழங்கிய நாட்டார் பாடல்களைத் திரட்டி மாமன் மகனே என்ற நூலாகவும் தந்தார். ஒரு காலத்தில் எவருமே எழுதி வைக்காத குரல்கள் அப்படித்தான் அச்சுக்கு வந்தன.

சீனியர் எதிர்பார்த்த அந்த ஒருவர் இவர்தானா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. ஒன்றைத் தவிர. இனங்கள் கலந்து சண்டை ஓய்ந்த நாட்களைப் பாடும் பாக்கியம் சி. வி.க்குக் கிடைக்கவில்லை. 1983 யூலையில் பதுளை நகரமும் எரிந்தது. அதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் கண்மூடினார்.

பதுளையிலிருந்து புறப்படும் புகையிரதம் அப்புத்தளையில் நிற்கிறது. பிறகு உச்சிச் சுரங்கத்தைக் கடந்து பனிமூட்டத்துக்குள் இறங்கி, நானுஓயாவையும் தாண்டி, சில மணி நேரம் கழித்து வட்டகொடைக்கு வந்து சேர்கிறது. சி. வி.யின் நினைவிடம் இருக்கும் மடக்கொம்பரைக்கு அங்கேதான் இறங்க வேண்டும்.